தோட்டத்து வேலை போய்விட்டது, சோறு மட்டும் தங்கிவிட்டது

“எங்க பாட்டி மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டாங்க. ஒடம்புல ஒரு பிடி சதை கெடையாது. நீங்க என்ன இப்ப வந்து சோத்தக் கொறைங்கன்னு சொல்றீங்க?”

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எடை குறைப்பைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். கல்யாணப் பந்தியில் வரும், கோயில் அன்னதானத்தில் வரும், அரசாங்க கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்கும்போதும் வரும். கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. என் பாட்டியும் அப்படித்தான் சாப்பிட்டார், அப்படித்தான் இருந்தார். சிரித்து மழுப்பாமல் இதற்கு முழுசாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பதில் கொஞ்சம் நீளம். பாதி, பாட்டி செய்த வேலையில் இருக்கிறது. மீதி, அவர் தட்டில் என்னென்ன இல்லை என்பதில் இருக்கிறது.

முதலில் வேலை. பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடிவதற்கு முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். ஒரு நாளைக்குச் சில நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் குனிய வேண்டும், நிமிர வேண்டும், பட்டையைச் சீவி, பால் வடியும் மங்குக் கிண்ணத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தரை சமமானதும் இல்லை, மேடும் பள்ளமும்தான். வெயில் ஏறியதும் அதே நிரையில் மறுபடி நடந்து பாலைச் சேர்த்து, இரண்டு வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். வீட்டுக்கு வந்தால் குழாயடித் தண்ணீர், விறகு, துணி, லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி. எல்பில், ஹீவுட், டோவன்பி என்று இந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக் குடும்பத்தைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

பெரும்பாலானோர் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். “அவங்க ஒழைச்சாங்க, நாம ஒழைக்கல. அதனால நடந்தா போதும், சாப்பாட்டுல கை வைக்க வேணாம்.” இங்கேதான் நான் வேறுபடுகிறேன்.

பாட்டியின் தட்டை நினைத்துப் பாருங்கள். சோறு குவியலாக இருக்கும், உண்மை. கூட இருந்தது என்ன? ரசம், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வேலியோரம் பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கு, கொஞ்சம் நெத்திலி. எண்ணெயைச் சின்னப் போத்தலில் வாங்கி, தாளிப்பதற்கு மட்டும் ஊற்றுவார்கள். கோழி சம்பள நாளில், ஆடு தீபாவளிக்கு. பலகாரம் பண்டிகைக்கு மட்டும். கோப்பியும் தேத்தண்ணீரும் இனிப்பாகத்தான் குடித்தார்கள், ஆனால் வேளைக்கு ஒரு குவளை. கடைக் கணக்குப் புத்தகம் அதற்குமேல் விடாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த லயங்களில் சத்துக் குறைவால் வாடிய பிள்ளைகள் உண்டு, பாட்டிக்கே கடைசிவரை ரத்தசோகை இருந்தது. அவர் மெலிந்திருந்ததற்கு உழைப்பு மட்டும் காரணமில்லை, கிடைத்த சாப்பாடும் அளவானது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதை யோசிக்க வைத்தது ஆப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி. டான்சானியாவில் ஹாட்ஸா என்ற மக்கள் இன்னமும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறார்கள். ஆண்களும் பெண்களும் நாளெல்லாம் நடப்பவர்கள். ஹெர்மன் பொன்ட்சர் என்ற ஆய்வாளரின் குழு அவர்கள் ஒரு நாளில் எவ்வளவு கலோரி செலவழிக்கிறார்கள் என்று அளந்து 2012இல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேலைநாட்டுக்காரர்களைவிட அவர்கள் அதிகம் செலவழிக்கவில்லை. உழைப்பு கூடும்போது உடம்பு வேறு இடங்களில் சிக்கனம் பிடித்துக்கொள்கிறது என்பது பொன்ட்சரின் விளக்கம். எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் ஒன்று தெளிவு: தின்றதையெல்லாம் நடந்தே கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு உடம்பு ஒத்துழைக்காது.

என் அம்மாவும் மரம் சீவியவர்தான். தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பரை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட காலத்தில் எங்கள் குடும்பம் டவுன் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறியது. அம்மாவுக்கு ஃபேக்டரியில் வேலை. வாசலுக்கே பஸ் வரும், நாளெல்லாம் உட்கார்ந்து பார்க்கும் வேலை. சம்பளம் கூடியது, வீட்டில் கேஸ் அடுப்பு வந்தது, எண்ணெய் ஒரு கிலோ பொட்டலமாக வந்தது. இன்றைக்கும் மானிய விலையில் அந்தப் பொட்டலம் 2 வெள்ளி (ரிங்கிட்) 50 சென்தான். சோற்றுக் குவியல் மட்டும் தோட்டத்தில் இருந்த அதே உயரத்தில் நின்றது, அதற்குப் பக்கத்தில் பொரித்த கோழியும் முட்டையும் வந்து உட்கார்ந்துகொண்டன. சில வருடங்களுக்குள் அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) வந்தது, பின்னால் ரத்த அழுத்தம், அதற்குப் பிறகு காலில் ஆறாத புண். இரண்டு விரல்களை எடுத்தார்கள். இந்தக் கட்டுரையை ஏன் எழுதுகிறேன் என்று கேட்டால் காரணம் அந்த விரல்கள்தான்.

என் அம்மா ஒருவர் கதை இல்லை இது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையிலோ உடல் பருமனிலோ இருந்தார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004இல் தங்கள் இருவர் உடம்பையும் ஒப்பிட்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படம் போட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீடு இருவருக்கும் ஒன்றுதான், 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடம்பில் 21.2. தராசு ஒரே எண்ணைக் காட்டினாலும் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றைச் சுற்றி. அதனால்தான் அதிக எடைக்கு உலகம் முழுவதும் 25 என்று வைத்திருக்கும் குறியீட்டு எல்லையை மலேசிய மருத்துவ வழிகாட்டி 23க்கு இறக்கியிருக்கிறது. 27.5 தாண்டினால் பருமன் என்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80க்கும் கீழே இருக்க வேண்டும். தையல்காரரிடம் இருக்கும் டேப்பே போதும், தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? சாப்பாடா, உடற்பயிற்சியா?

எங்கள் தாமான் திடலைச் சுற்றி நடக்கும் பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு, நானும் அதில் ஒருத்தி. எதிர்வீட்டு அக்கா அதில் ஒரு நாள் தவறாதவர். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு நடப்பார். வருடம் ஒன்றானது, எடை இறங்கவே இல்லை. “நான் என்னம்மா பாவம் செஞ்சேன், பக்கத்து வீட்டுக்காரி நடக்கவே மாட்டா, அவ ஒல்லியா இருக்கா” என்று ஒருநாள் கண்கலங்கிவிட்டார். அவர் சோம்பேறி இல்லை, சாப்பாட்டில் பேராசைக்காரரும் இல்லை. கணக்கு எங்கே இடித்தது என்று உட்கார்ந்து பார்த்தோம். இடித்த இடம் தேத்தண்ணீர்.

நம் ஊர் டின் பால் இப்போது பெரும்பாலும் பாலே இல்லை. டின்னைத் திருப்பிப் பாருங்கள், இனிப்புக் கிரிமர் என்றுதான் எழுதியிருக்கும். செம்பனை எண்ணெயும் சீனியும் சேர்ந்தது. எடையில் ஏறக்குறைய பாதி சீனி. ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் சுமார் 130 கலோரி, அதில் 20 கிராம் சீனி. மேலே ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சீனியையும் போட்டால் 150 வாக்கில் வந்துவிடும். அக்கா காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, நடந்து முடித்த களைப்புக்குத் தெருவோர ஒட்டுக்கடையில் ஒன்று குடித்தார். நாலு குவளை, 600 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது 250 கலோரிக்குள். சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகும் பங்கைக் கழித்தால் 180கூடத் தேறாது. நாலு குவளை தேத்தண்ணீரைக் கரைக்கவே மூன்று மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். நடந்து முடித்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஒரு ரொட்டி சானாயும் சாப்பிட்டால் இன்னொரு 300.

உலகச் சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் சீனியை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. அக்கா மூன்றாவது குவளையிலேயே 50ஐத் தாண்டிவிடுவார்.

அக்கா தேத்தண்ணீரை விடவில்லை. எங்கள் தோட்டத்து ஆட்களிடம் தேத்தண்ணீரை விடச் சொல்வது மூச்சை விடச் சொல்வது மாதிரி, நான் சொல்லவும் மாட்டேன். முதலில் ‘கூராங் மானிஸ்’, அதாவது இனிப்புக் குறைவாகக் கேட்கத் தொடங்கினார். அப்புறம் பால் இல்லாத தே ஓ, அப்புறம் சீனியும் இல்லாத தே ஓ கொசோங். நாக்கு பழகச் சில வாரங்கள் எடுக்கும், பழகிய பிறகு பழைய குவளையை வாயில் வைத்தால் திகட்டும். இதை நான் பலரிடம் பார்த்துவிட்டேன். ஒட்டுக்கடை அண்ணன் முதலில், “என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். இப்போது அவரே கேட்காமல் கொசோங் போட்டுக் கொடுக்கிறார். அக்காவின் எடை அதற்குப் பிறகுதான் இறங்கத் தொடங்கியது. நடை அதேதான், திடலும் அதேதான்.

இதை வைத்து, சாப்பாட்டைக் குறைத்தால் போதும், நடையே வேண்டாம் என்று முடிவு செய்தால் அடுத்த பள்ளத்தில் விழுவோம். என் அண்ணன் மகன் அப்படித்தான் செய்தான். கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று ஒரு வேளைச் சாப்பாடு மட்டும், அதுவும் பெரும்பாலும் பிஸ்கட்டும் பழமும். எடை மளமளவென்று இறங்கியது, மாமன்மார்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் கன்னம் ஒட்டி, இரண்டாம் மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. கல்யாணம் முடிந்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினான். போன எடை முழுக்கத் திரும்பி வந்தது, மேலே கொஞ்சம் கூடவும் வந்தது.

உடம்பில் நடந்தது இதுதான். பட்டினி கிடந்து இளைக்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் போகிறது. பொதுவாகக் குறைகிற எடையில் கால்பங்கு அளவுக்குத் தசை போன்ற கொழுப்பல்லாத பகுதி இருக்கும். புரதமும் இல்லை, தசைக்கு வேலையும் இல்லை என்றால் பங்கு இன்னும் கூடும். திரும்பி ஏறும்போது வருவது பெரும்பாலும் கொழுப்பு. ஏற்கெனவே தசை குறைந்த உடம்பு நம்முடையது என்று மேலே சொன்னேன். அதில் இன்னும் தசையை இழந்துவிட்டு, அதே எடையில் முன்பைவிட அதிகக் கொழுப்போடு நிற்கிறோம். சாப்பிட்ட சீனியை வாங்கிக்கொள்ளும் பெரிய இடமும் தசைதான். அது சுருங்கினால் இனிப்பு நீர் கிட்டே வரும்.

ஆக, இரண்டுக்கும் வேலை வேறு வேறு. எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டு. இறங்கும்போது தசையைக் காப்பதும், இறங்கியதை ஏறவிடாமல் பிடித்து வைப்பதும் உழைப்பு. அமெரிக்காவில் 1994இலிருந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே வைத்திருப்பவர்கள் மட்டும் அதில் சேரலாம். ஆரம்ப காலத்தில் சேர்ந்தவர்களை ஆராய்ந்ததில், பத்தில் ஒன்பது பேர் சாப்பாடு, உடற்பயிற்சி இரண்டையும் சேர்த்தே குறைத்திருந்தார்கள். உடற்பயிற்சியால் மட்டும் குறைத்தவர்கள் நூற்றில் ஒருவர். அப்படிக் காப்பாற்றி வருபவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள்.

நடை எடையைக் குறைக்கவில்லை என்பதால் வீண் என்று நினைத்துவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையில் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நடந்தது, முடிவுகள் 2006இல் வந்தன. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டையும் நடையையும் மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அமெரிக்காவில் 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இரண்டு இலக்குகளை வைத்தார்கள். அங்கே வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரை கொடுத்த குழுவில் 31 விழுக்காடுதான். ஏழு விழுக்காடு என்றால் 80 கிலோ உள்ளவருக்கு ஐந்தரை கிலோ. சினிமாக்காரர் மாதிரி இளைக்க வேண்டியதில்லை, அந்த ஐந்தரை கிலோவே உங்கள் கால் விரல்களைக் காப்பாற்றக்கூடும்.

தட்டுக்கு வருவோம். சுகாதார அமைச்சு ‘சுக்கு-சுக்கு செபாரோ’ (கால், கால், பாதி) என்று ஒரு படம் போட்டிருக்கிறது, கிளினிக் சுவரில் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். நம் வாழையிலையில் பாதிக்கு மேல் சோறு, காய்கறி ஓரத்தில் பொட்டு மாதிரி இருக்கும். ஒரே நாளில் தலைகீழாக்க முடியாது. நான் சொல்வது எளிது: காய்கறியை முதலில் வையுங்கள், அப்புறம் மீன், கடைசியில் சோறு. சாப்பிடுவதும் அதே வரிசையில். சோற்றைக் கடைசிக்குத் தள்ளினால் சாப்பாட்டுக்குப் பிந்திய ரத்தச் சீனி குறைவாக ஏறுகிறது என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. காங்கோங் கீரை, சாவிக் கீரை, பயித்தங்காய், கத்தரி, வெண்டை என்று இரவுச் சந்தையில் இவையெல்லாம் மலிவாகவே கிடைக்கும். எண்ணெயில் மிதக்க விடாதீர்கள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. தேங்காய்ப்பால் குழம்பை வாரத்துக்கு ஓரிரு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று மாறுபவர்களுக்கு ஒரு சொல்: நாலு சப்பாத்தியும் ஒரு பெரிய தட்டுச் சோறும் ஏறக்குறைய ஒன்றுதான். அளவைத்தான் பார்க்க வேண்டும்.

புரதத்தைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். வெள்ளிக்கிழமை சைவம், அமாவாசை சைவம், புரட்டாசி முழுக்கச் சைவம் என்று இருக்கிறோம், நல்லது. ஆனால் அந்த நாட்களில் தட்டில் இருப்பது சோறு, சாம்பார், அப்பளம், உருளைக்கிழங்கு. சாம்பாரில் பருப்பு பேருக்குத்தான் மிதக்கிறது. எடை குறைக்கும்போது ஒரு நாளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருந்தால் நல்லது என்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனில் 20 கிராம் வாக்கில். சைவ நாளுக்குச் சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்பே இருக்கிறது, நூறு கிராமில் 19 கிராமுக்குக் குறையாது. மலாய்க்காரர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள், நம்மில் பலர் அதைச் சமைப்பதே இல்லை. மிளகாயும் வெங்காயமும் போட்டு வறுவல் மாதிரி செய்து பாருங்கள்.

உடற்பயிற்சிக்கு வந்தால், எல்லாரும் காலையில் எழுந்து நடங்கள் என்கிறார்கள். எங்கள் ஊரில் காலை என்பது இருட்டு. 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள், அதிலிருந்து சூரியன் ஏழு மணியைச் சுற்றித்தான் வருகிறது. அதற்குள் பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்ற வேண்டும், வேலைக்குக் கிளம்ப வேண்டும். இருட்டில் தெரு நாய்க் கூட்டத்தைக் கடந்து ஒரு பெண் தனியாக நடக்க முடியாது, செம்பனைக் காட்டு வழி இன்னும் முடியாது. அதனால் சாயந்திரம், மூன்று நாலு பேராகச் சேர்ந்து. அது முடியாத நாட்களில் சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டு வாசலிலேயே நடக்கலாம். உணவுக்குப் பிந்திய இந்தச் சின்ன நடை ரத்தச் சீனியை இறக்குவதில் நன்றாகவே வேலை செய்கிறது.

நடை மட்டும் போதாது என்பதைத்தான் எங்கள் கூட்டத்தில் ஏற்க வைக்க நாளானது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பாரம் தரும் பயிற்சியும் வேண்டும் என்றது. பாட்டி காண்டாவில் சுமந்தது அந்தப் பாரத்தைத்தான். எங்களுக்கு ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, கூச்சமும் விடாது. கையால் ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஐந்து லிட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவது, படியில் ஏறி இறங்குவது. முட்டி வலி உள்ளவர்கள் உயரமான நாற்காலியில் தொடங்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது நடையைவிட முக்கியம் என்றே நான் நம்புகிறேன், அந்த வயதில் தசையும் எலும்பும் சேர்ந்து தேய்கின்றன. இன்சுலின் ஊசி போடுபவர்களும் சீனியைச் சட்டென்று இறக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் பட்டினியோடு பயிற்சி செய்யக் கூடாது, மயக்கம் வரும். சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே கிளினிக்கில் சொல்லி மருந்தளவைச் சரிபார்க்க வேண்டும். ஒரு வெள்ளிக் கட்டணம்தான், கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

இளைக்க வைக்கும் கோப்பி என்று வாட்ஸாப்பில் வரும் பொட்டலங்களைத் தொடாதீர்கள். சிபுட்ராமின் என்ற மருந்து கலந்த கோப்பிகளைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன என்று 2010இலேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. பசி சட்டென்று அடங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் அதுதான் காரணமாக இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், வீட்டில் சமைக்கும் பெண்ணின் நிலையைப் பேசாவிட்டால் எதுவும் நடக்காது. நம் வீடுகளில் அம்மா கடைசியில் சாப்பிடுவார். மீன் துண்டு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போயிருக்கும். சட்டியில் மீந்த குழம்பும் சோறும் வீணாகக் கூடாது என்று அவர் தட்டுக்கு வரும். புரதம் குறைவாகவும் சோறு கூடுதலாகவும் சாப்பிடுவது அவர்தான், எடை கூடுவதும் அவருக்குத்தான், பிறகு “அம்மா தின்னுட்டே இருப்பாங்க” என்று பேர் வாங்குவதும் அவர்தான். தயவுசெய்து அம்மாவை முதலில் உட்கார வைத்து மீனைப் பரிமாறுங்கள். மீந்ததைக் குளிர்பெட்டியில் வையுங்கள். எடையைப் பற்றி அவரிடம் அறிவுரை சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது, எப்போது சாப்பிடுவது என்று. ஷிஃப்டுக்குப் போவதற்கு முன் முழுச் சாப்பாடு, நடு இரவில் அவித்த முட்டை, பழம், கடலை மாதிரி ஏதாவது லேசாக. விடிகாலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கப் போகாமல் இருந்தாலே பெரிய மாற்றம் வரும். கேன் பானத்தைத் தண்ணீராக மாற்றுங்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுவதும் எடைக் குறைப்பில் சேர்த்தி.

எவ்வளவு நாளில் குறையும் என்று கேட்டால், ஒரு நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் குறைத்தால் ஆரம்பத்தில் வாரத்துக்கு அரைக்கிலோ வரை போகலாம். பிறகு மெதுவாகும், சில வாரம் அசையாமல் நிற்கும். உடம்பு லேசாகும்போது அதன் தேவையும் குறைவதால் அப்படி. அந்த வாரங்களில் தராசை விட்டுவிட்டு டேப்பை எடுத்து இடுப்பை அளங்கள்.

மழைக்காலம் வருகிறது, சாயந்திரம் திடலில் தண்ணீர் தேங்கிவிடும். கோயில் மண்டபத்தை வாரத்தில் இரண்டு நாள் சாயந்திரம் கொடுக்கும்படி கமிட்டியிடம் கேட்டிருக்கிறோம், நாற்காலிப் பயிற்சிக்கு. அன்னதானத்தில் சுண்டலையும் ஒரு கீரையையும் கூட்டி, பாயசத்தைச் சின்னக் கிண்ணமாக்க முடியுமா என்றும் கேட்டோம். பாயசத்தில் கை வைக்கப் பூசாரி ஐயாவுக்கு மனமில்லை. கீரைக்குச் சம்மதித்துவிட்டார். முதல் மாதக் கீரையை நறுக்கிக் கொடுப்பது எங்கள் கூட்டத்துப் பொறுப்பு, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கத்தியோடு வாருங்கள்.